கைக்கும் முகத்துக்கும் ஒரே நிறம்

தம்பி,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. உன் அம்மா உறையை வாங்கி என்னிடம் கொடுக்காமல் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, "மொதல்ல மனசுக்குள்ள படிங்க. நல்ல சேதியா இருந்தா சத்தமாப் படிங்க. இல்லன்னா மடிச்சி வச்சிடுங்க, நான் கேக்கமாட்டேன்" என்றாள். நான் மனசுக்குள் படித்தேன். படித்து முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். பல வாரங்களாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது போல இருந்தது. அவள் பதறிப்போய், "என்னங்க, வேணாம்னுட்டானா?" என்று கேட்டாள். சம்மதம் என்று நீ கடைசி வரியில்தான் எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. "நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பெண் ஏன் உதட்டை அப்படி இறுக்கிக்கொண்டிருக்கிறாள்? சிரிப்பை அடக்குகிறாளா?" என்று கேட்டிருந்தாய். அதைத்தான் நான் முதலில் சத்தமாகப் படித்தேன்.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் நேராகச் சொல்ல முடியாது, சுற்றித்தான் வரவேண்டும். வைகாசியில் உனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நீ எனக்குப் பிள்ளையாக மட்டும் இருக்கமாட்டாய், இன்னொருத்திக்குப் பதில் சொல்லவேண்டியவனாக இருப்பாய். அதனால் இப்போதே சிலதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன். சிங்கப்பூரிலிருந்து போன தடவை நீ எழுதியபோது, "பெண் கொஞ்சம் சிவப்பாக இருந்தால் நல்லது" என்று ஒரு வரி எழுதினாய். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். நீ என் நிறம். உன் அம்மா என்னைவிட ஒரு பங்கு கூடக் கறுப்பு. சிவப்பு வேண்டும் என்று உனக்கு எங்கிருந்து தோன்றியது? நாடு நம் கைக்கு வந்துவிட்டது என்று பாடாங் திடலில் கூடி நின்று கத்தினோமே, நீயும் தொண்டை கட்டும்வரை மெர்டேக்கா என்று கத்தினாயே, அன்று துரைமார்களின் கொடி இறங்கியது. அவர்களுடைய கண் நம் மண்டைக்குள்ளிருந்து இன்னும் இறங்கவில்லை.

நீ சிறுவனாக இருந்தபோது கிளேபாங் கடற்கரையில் எடுத்த படம் ஒன்று உன் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. மணல் பளீரென்று வெள்ளை, கடல் ஒரு வெள்ளை, நடுவில் நீ. நீ என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும். அரைக்கால் சட்டை போட்ட ஒரு நிழல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். நான்தான், வேலை பார்க்கும் போட்டோக் கடையில் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். நீ படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் மூஞ்சி எங்கப்பா?" என்று கேட்டாய். உன் சித்தப்பா, "இருட்டுல தொலைஞ்சி போச்சிடா" என்று சொல்லிச் சிரித்தார். நீ அழுதாய். அன்று வெயிலின் மேல் பழி போட்டுவிட்டு நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. நீ மறந்திருப்பாய். நான் தினமும் அந்த இருட்டறைக்குள்தான் வேலை செய்கிறேன், நான் எப்படி மறப்பது?

எங்கள் இருட்டறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். எவ்வளவு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் படம் எடுப்பது, பிலிமை மருந்தில் எவ்வளவு நேரம் விடுவது, எந்தப் படத்தாளில் அடிப்பது என்றெல்லாம் எழுதிய தாள். கடை முதலாளி தவுக்கேயின் அப்பா காலத்தில் எழுதியது. அப்போது கடைக்கு வந்தவர்கள் தோட்டத்துத் துரைமார்கள், அவர்கள் பெண்டாட்டிகள், பெரிய வீட்டுச் சீனர்கள். அந்த முகங்களுக்குப் பொருந்துகிற கணக்கு அது. நம் ஆட்கள் பிறகு வந்தார்கள். மெர்டேக்காவுக்குப் பிறகு பத்திரம், பாஸ்போர்ட், பிரஜாவுரிமை என்று ஆளாளுக்குப் படம் தேவைப்பட்டு, தோட்டத்திலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். அதே தாளின் கணக்கில்தான் அவர்களையும் எடுத்தோம். எல்லாரும் ஒரே கறுப்பு. ஒருமுறை அண்ணன் படத்தைத் தம்பியும் தம்பி படத்தை அண்ணனும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்களுக்கே தெரியவில்லை. அதைச் சரிக்கட்ட நம் ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் பவுடர். கடை வாசலில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பவுடர் டப்பா எப்போதும் இருக்கும். அப்பிக்கொண்டு வந்து உட்காருவார்கள். போதாததற்கு, நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலும் சிவப்புச் சாயமும் தடவினால் படத்தில் அந்த இடம் இன்னும் வெளுக்கும். அந்த வேலையைச் செய்கிறவர் பொன்னு அண்ணன். நம் காஜா பெராங் செட்டிக் கம்போங்காரர், தலைமுறைகளுக்கு முன்பே தமிழை விட்டு மலாய்க்கு மாறிய செட்டிமார் குடியிருப்பு அது. நெற்றி நிறைய விபூதி, பேச்சு முழுக்க மலாய். சுவரில் இருக்கும் தாளைக் காட்டி அவர் ஒருநாள் சொன்னார்: "மெர்டேக்கா சூடா. இனி கெர்த்தாஸ் மாசே ஓராங் பூத்தே லா." சுதந்திரம் வந்தாகிவிட்டது, இந்தத் தாள் மட்டும் இன்னும் வெள்ளைக்காரனாகவே இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அடுத்த முகத்துக்குச் சாயம் தடவ உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணப் பேச்சில் இந்தப் படங்கள் செய்கிற அநியாயத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர் போடுகிறார்கள், கையை மறந்துவிடுகிறார்கள். படத்தில் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருக்கும், மடியில் கிடக்கும் கை கரிக்கட்டையாக இருக்கும். விவரம் தெரிந்த மாமியார்கள் படத்தை வாங்கியதும் முகத்தைப் பார்ப்பதே இல்லை. "கையக் காட்டு" என்பார்கள். அது தெரிந்த பிறகு கடைக்காரர்களும் தந்திரம் கற்றுக்கொண்டார்கள். பெண்ணின் மடியில் ஒரு பூங்கொத்தை வைத்துக் கையை மறைத்துவிடுவார்கள். உனக்குப் பார்த்திருக்கும் சரோஜாவின் அப்பா நம் வீட்டுக்கு முதன்முதலில் கொண்டுவந்த படத்திலும் பூங்கொத்து இருந்தது.

அவர் புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் என்று எழுதியிருந்தேன். வேறு ஒரு கடையில் எடுத்த படம் அது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தலையில் வைத்த மல்லிகை வெறும் காகிதமாக இருந்தது, ஒரு இதழ்கூடத் தெரியவில்லை. முகத்தில் கன்னமும் இல்லை, தாடையும் இல்லை. கண்ணும் புருவமும் மாவு உருண்டையில் ஒட்டிவைத்தது போல இருந்தன. "இது உங்க பொண்ணு மாதிரியா இருக்குங்க?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்க. இதப் பாத்துட்டுத்தான் சிரம்பான்லேருந்து ஒரு குடும்பம் வந்தாங்க. புள்ள காப்பித் தட்டோட வெளிய வந்திச்சி. அந்தம்மா புள்ளையப் பாத்தாங்க, படத்தப் பாத்தாங்க, தட்டத் தொடக்கூட இல்ல. எந்திரிச்சிப் போய்ட்டாங்க" என்றார். ஒரு பெண் காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு நடுவீட்டில் நிற்கிறாள், வந்தவர்கள் செருப்பைத் தேடுகிறார்கள். இதை நினைத்துப் பார், தம்பி. அவள் செய்த குற்றம் என்ன? யாரோ ஒருவன் அவள் முகத்தை அழித்துவிட்டு வேறு முகத்தை விற்றான். அந்த முகம் அவளிடம் இல்லை என்று வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள்.

அவர் போன பிறகு உன் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள். "பையன் சிவப்பா வேணும்னு எழுதியிருக்கான். நீங்களே ஒரு படம் எடுத்துக் கொஞ்சம் வெளுத்துக் குடுங்க. சரின்னு சொல்லட்டும். வந்து நேர்ல பாத்தா புடிச்சிப்போயிடும்."

"புடிக்காமப் போனா?"

"நம்ம புள்ள அப்படிச் செய்யமாட்டான்."

"அப்ப எதுக்கு வெளுக்கணும்?"

கரண்டியை ணங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அவள் பயம் எனக்கும் இருந்தது. உள்ளதை உள்ளபடி அனுப்பி, நீ வேண்டாம் என்று எழுதினால், அந்தப் பெண்ணுக்கு அது இரண்டாவது அடி. அதுவும் என் வீட்டிலிருந்து, என் பிள்ளையிடமிருந்து. அதை அவள் அப்பாவிடம் நான் எந்த வாயால் போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜா அவள் அத்தையோடு கடைக்கு வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் போய் அத்தை பவுடர் டப்பாவை எடுத்ததும், அவள் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "ஐயா, வெளுக்க வேணாங்க. ஒருதரம் பட்டது போதும்" என்றாள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சுவர்த்தாளில் இருக்கிறபடி, பவுடர் இல்லாமல், சாயம் இல்லாமல், பூங்கொத்து இல்லாமல் எடுத்துக் கழுவி அவள் கையில் கொடுத்தேன். பொய் இல்லாத படம் என்று நினைத்துக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். நீ அன்று பார்த்தது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவங்க எடுத்ததுலயும் நான் இல்லீங்க. இதுலயும் நான் இல்லீங்களே, ஐயா" என்றாள். உண்மைதான். கண்ணின் வெள்ளை தெரிந்தது, மல்லிகை தெரிந்தது, மற்றதெல்லாம் ஒரே இருட்டு. ஒன்றுமே செய்யாமல் விட்டால் அது உண்மை ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாள் ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதன்படி சும்மா இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன், உனக்கு விளங்கும். படத்தாள் ஒன்றை நீளக் கீற்றாக வெட்டி, அட்டையால் மூடி, அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி விளக்கு வெளிச்சம் காட்டினேன். மருந்தில் போட்டு எடுத்ததும் ஒரு முனை வெறும் வெள்ளை, மறுமுனை முழுக் கறுப்பு, இடையில் படிப்படியாகச் சாம்பல். ஒவ்வொரு படியையும் தனித்தனியாக நறுக்கி, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறுவரிசையில் பின்னால் எண் போட்டேன். சரோஜாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அந்தத் துண்டுகளை அவள் கன்னத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் நிறம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். எந்தத் துண்டு கன்னத்தோடு கன்னமாகக் கலந்து காணாமல் போகிறதோ அதுதான் கன்னத்தின் எண். அப்படியே நெற்றிக்கு, தாடைக்குக் கீழே, கைக்கு, கூந்தலுக்கு, மல்லிகைக்கு என்று எல்லாவற்றுக்கும் எடுத்தேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்து, "பெண்டஹாராத் தெருவுல ரவிக்கைக்குத் துணி எடுக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். "சாயம் போகாத துணியா பாத்து எடுங்க ஐயா" என்றாள் அத்தை. பொன்னு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அதே இடங்கள் படத்தில் எந்தத் துண்டோடு ஒத்துப்போகின்றன என்றும் பார்த்தேன். கட்டம் போட்ட தாள் ஒன்றில் குறுக்கே ஆளின் எண், கீழிருந்து மேலே படத்தின் எண், இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு புள்ளி. படம் ஆளைப் போலவே இருந்தால் புள்ளிகள் மூலைக்கு மூலை நேராக ஏறவேண்டும். என் புள்ளிகள் ஏறவில்லை. கூந்தல், தாடை, கை, கன்னம் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. நெற்றிக்கு அப்பால் கோடு திடீரென்று எழுந்து மல்லிகைக்குத் தாவியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நம் சனம் மொத்தமும் அந்தத் தரையில்தான் கிடக்கிறது, தம்பி. ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் வித்தியாசம் தெரியாதபடி ஒரே கறுப்பாக. எழும்புகிற இடம் முழுவதும் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தரையில் கிடப்பதைத் தூக்கவேண்டும், அதே சமயம் மல்லிகையை எரித்துவிடக்கூடாது. அதுதான் வேலை. படம் எடுக்கும்போது வெளிச்சத்தைக் கூடுதல் நேரம் விட்டேன், இருட்டுப் பகுதிகள் பிலிமில் வந்து பதிவதற்காக. மருந்தில் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன், வெள்ளைப் பகுதிகள் மிஞ்சிப் போகாமல் இருப்பதற்காக. கறுப்பு வெள்ளை வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டும் மென்மையான படத்தாளில் அடித்தேன். முதல் தடவை கன்னம் வந்தது, ஆனால் பக்கத்தில் வைத்திருந்த மல்லிகை அழுக்குத் துணி போல ஆனது. கணக்கில் கொஞ்சம் பின்னால் போனேன். மறுபடி துண்டுகள், மறுபடி புள்ளிகள். இதையெல்லாம் என் முகத்திலும் பொன்னு அண்ணன் முகத்திலும் பல நாள் செய்து பார்த்துவிட்டுத்தான் அவளை இன்னொரு ஞாயிறு வரச்சொன்னேன். தவுக்கே வந்து பார்த்துவிட்டு, "கஸ்டமர் வெள்ளை கேட்டா வெள்ளை குடு லா. எதுக்கு இவ்வளோ பாடு?" என்றார். இது என் வீட்டுக் காரியம் என்று சொன்னேன். முனகிக்கொண்டு போனார். கோடு கடைசிவரை நேராகவில்லை, ஆகவும் ஆகாது. கண் பார்க்கிற அத்தனையையும் பிடிக்கிற இடம் காகிதத்தில் இல்லை. இருக்கிற இடத்தை யாருக்குக் கொடுப்பது என்றுதான் நாம் தீர்மானிக்கமுடியும். நான் கன்னத்துக்குக் கொடுத்தேன்.

இரண்டாவது ஞாயிறு எடுத்ததுதான் உன்னிடம் வந்த படம். அதை அனுப்பிய நாளிலிருந்து உன் அம்மா தபால்காரன் மணிச் சத்தத்துக்கெல்லாம் வாசலுக்கு ஓடினாள். நானும்தான், ஓடாதது போல நடந்துகொண்டேன். நீ நிறத்தைப் பற்றி எழுதுவாய் என்று பயந்தேன். கறுப்பாக இருக்கிறாளே என்று எழுதினால் என்ன பதில் எழுதுவது என்று மனசுக்குள் காரமாக எழுதி எழுதி வைத்திருந்தேன். அதெல்லாம் வீணாய்ப் போனது. இந்த மாதிரி ஒரு கடிதம் வீணாய்ப் போவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ அவள் உதட்டைப் பார்த்திருக்கிறாய். அடக்கின சிரிப்பைப் பார்த்திருக்கிறாய். முகம் தெரிந்தால் மனிதர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. முகம் தெரியாதபோதுதான் நிறத்தைப் பார்க்கிறார்கள்.

கல்யாணப் படமும் நான்தான் எடுப்பேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான், வேறு வேறு தேவைப்படாது. புதிய கணக்கை எழுதிப் பழைய தாளின் மேலேயே ஒட்டிவிட்டேன், தவுக்கே இன்னும் கிழிக்கவில்லை. தோட்டத்திலிருந்து வருகிறவர்களை இப்போது அதன்படிதான் எடுக்கிறோம். போன வாரம் ஒரு கிழவர் தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, எங்கப்பன் மாதிரியே இருக்கேன்" என்றார். பொன்னு அண்ணன் அன்று முழுவதும் சாயக் கிண்ணத்தைத் திறக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அந்த இரண்டாவது ஞாயிறு உன் அம்மாவும் கடைக்கு வந்திருந்தாள். நீ சிங்கப்பூரில் எடுத்து அனுப்பினாயே, நாற்காலிக் கையில் கையை ஊன்றிக்கொண்டு பெரிய அதிகாரி போல உட்கார்ந்திருக்கும் படம், அதைச் சேலைத் தலைப்பிலிருந்து எடுத்து, "இதாம்மா எம் புள்ள" என்று காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சரோஜாவிடம் பெருமையாகக் கொடுத்தாள். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "முகம் அவங்களோடதுன்னா, கை யாரோடதுங்க?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். உன் முகம் தோலுரித்த முட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. நாற்காலி மேல் இருந்தது நம் வீட்டுக் கை, என் கை, உன் தாத்தா ரப்பர் மரம் வெட்டின கை. அந்தக் கடைக்காரன் உனக்குப் பூங்கொத்து கொடுக்கவில்லை போலிருக்கிறது. அத்தை அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு விலகினாள். சிரிக்கக்கூடாது என்று அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து காமிராவைப் பார்த்தாள். நான் அந்தச் சமயத்தில்தான் அழுத்தினேன்.

அதாவது, நீ பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கிற அந்தச் சிரிப்பு உன்னைப் பார்த்து அடக்கியது.

உன் அம்மா முகம் வாடிவிட்டது. இவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று இந்த முறை பயம் நம் பக்கம் வந்தது. நான் கேட்டேவிட்டேன்: "முகத்த விடும்மா, அது பொய். கை எப்படி?" அவள் இன்னொரு தரம் படத்தை வாங்கி, முகத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, கையை மட்டும் பார்த்தாள்.

"கை நல்லாத்தான் இருக்குங்க, மாமா" என்றாள்.

அதுவரைக்கும் என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே, வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வா. உன் கைக்குத்தான் அவள் சம்மதம் சொல்லியிருக்கிறாள்.

அப்பா